தம்பானூரும் தமிழகமும்: சில சரித்திர விந்தைகள்

1957-ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் வாழ்ந்த ஒருவர், தம் மாநிலத்தின் தலைநகரத்துக்கு ரயிலிலேயே சென்று இறங்க வேண்டும் என்று பிடிவாதம் கொண்டிருந்தால், எவ்வழியே சென்றிருக்க வேண்டும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதலில் பாலக்காடு, பிறகு பொள்ளாச்சி, பழநி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், தென்காசி. அங்கிருந்து செங்கோட்டை. அதன் பின் மலையைக் குடைந்து செல்லும் பாதையில் ஏறி இறங்கி மீண்டும் கேரளத்துக்குள் புகுந்து, புனலூர், கொல்லம் வழியாகத் திருவனந்தபுரத்துத் தம்பானூர் நிலையத்தை அடைந்திருக்க வேண்டும். கேரள மாநிலம் 1956 நவம்பர் முதல் நாள் தோன்றியது. கோட்டயத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் இருப்புப் பாதையோ 1958 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஓராண்டுக்கு மேற்பட்ட காலம், கேரளத்தின் தலைநகரம் தமிழ் நிலத்தைச் சுற்றாமல் ரயிலில் மட்டும் சென்று அடைய இயலாத தலைநகரமாக இருந்தது. நடைமுறையில் எவரும் இப்படிச் சுற்றியிருக்க மாட்டார் என்பது உண்மையே. எர்ணாகுளத்திலிருந்து தெற்கே வரப் படகும் பஸ்ஸும் இருந்தன. ஆயினும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்க்கும்போது, இது விந்தையாகவே தோன்றுகிறது.

இத்தகைய விந்தைகள் சில தம்பானூரைச் சுற்றியே கிடக்கின்றன. பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழருக்குத் திருவனந்தபுரம் ஒரு 'வெளியூர்'. திருவனந்தபுரத்திலேயே வாழும் தமிழருக்கோ அது என்ன ஊர் என்று சொல்வது எளிதன்று. பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "நாம் இங்கே வந்தவர்களா, இருந்தவர்களா?" என்று கேட்டால், தந்தை உடனே விடை கூறிவிட முடியாது. 'பாண்டி' என்று தன்னை ஒருவன் ஏளனமாக அழைத்ததன் பேரில் அந்தப் பிள்ளை அவ்வாறு கேட்டிருக்கலாம். பாண்டி என்பது மலைக்குக் கிழக்கே உள்ள பாண்டிய நாட்டின் பெயர். அச்சொல்லில் இழிவு ஏதும் இல்லை. இந்தச் சமாதானம் பிள்ளைக்குப் போதுமா என்பது வேறு விஷயம். சரித்திரம் என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் புகைவண்டி முதன் முதலில் கிழக்கிலிருந்து, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது. 1902-இல் திருநெல்வேலியிலிருந்து தொடங்கிய பாதை, கல்லிடைக்குறிச்சி, தென்காசி வழியாகச் செங்கோட்டையை எட்டியது. செங்கோட்டை அன்று திருவிதாங்கூரின் பகுதி என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஆரியங்காவு மலையைக் கடந்து கொல்லம் வரை 1904 நவம்பர் 26-ஆம் நாள் பாதை திறக்கப்பட்டது. மலைப்பகுதி வேலை முடியுமுன்பே கொல்லத்துப் பக்கம் வண்டி ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். மலையைத் தாண்டி எஞ்சினைக் கொண்டுவர வழியில்லை. எனவே அதைத் தூத்துக்குடியிலிருந்து பகுதி பகுதியாகக் கப்பலேற்றி, குமரிமுனையைச் சுற்றிக் கொல்லத்தில் இறக்கிப் பூட்டினார்கள் என்பர். தென்மலைக்கு அருகே பதின்மூன்று கண் பாலம் என்று வழங்கும் கற்பாலம் அந்தக் காலத்து வேலைத் திறனுக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. 1927-இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு நேர்ப் பாதை வந்ததும், மதுரைப் பக்கத்தாருக்கும் சென்னையிலிருந்து வருவோருக்கும் திருநெல்வேலியைச் சுற்றும் தொல்லை தீர்ந்தது.

கொல்லம் வரை வந்த வண்டி தலைநகரத்துக்கு வரப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1918-ஆம் ஆண்டின் முதல் நாளில் அது திருவனந்தபுரத்தை எட்டியபோதும், ஊருக்குள் வரவில்லை. கடற்கரைப் பக்கத்துச் சாக்கையிலேயே நின்றுவிட்டது. சாக்கை கால்வாய்க் கரையில் உள்ள இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணி கௌரி பார்வதி பாயி வெட்டுவித்த பார்வதி புத்தனாறு அவ்வழியே செல்கிறது. சரக்கும் மனிதரும் வள்ளங்களில் வந்து இறங்கிய காலத்தின் மனப்பாங்கோடு ரயில் நிலையத்துக்கும் அந்த இடத்தையே தேர்ந்தார்கள் போலும். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1931 நவம்பர் 4 அன்றுதான் வண்டி தம்பானூருக்கு வந்தது. அப்போது நாட்டை ஆண்டவர் ரீஜண்டு மகாராணி சேது லட்சுமி பாயி. இரண்டே நாள் கழித்து, நவம்பர் 6 அன்று, இளையவராக இருந்த சித்திரைத் திருநாள் மகாராஜா முழு அதிகாரம் பெற்று ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். மகாராணியின் ஆட்சியினுடைய கடைசிக் காரியங்களுள் ஒன்று தம்பானூர் ரயில் நிலையம் எனலாம்.

தம்பானூர் அதற்கு முன் வயலும் சதுப்புமாகக் கிடந்த தாழ்நிலம். ஆமயிழஞ்சான் தோடு என்னும் நீரோடை இன்றும் நிலையத்துத் தண்டவாளங்களின் அடியிலேதான் ஓடுகிறது. ஒரு பெருமழை பெய்தால் தம்பானூர்ச் சாலைகளில் முழங்கால் அளவு நீர் நிற்பதைப் பார்த்து வியப்பவர், நிலம் தன் பழைய வழக்கத்தை மறக்கவில்லை என்று எண்ணிக்கொள்ளலாம்.

தம்பானூர் நிலையத்தின் உண்மையான விசித்திரம் அதன் தென்கோடியில் இருந்தது. அங்கே தண்டவாளம் முடிந்துவிட்டது! நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். நாகர்கோவிலோ சமஸ்தானத்தின் முக்கியமான நகரங்களுள் ஒன்று. தலைநகரத்துக்கும் அதற்கும் நாற்பது மைலுக்குச் சற்றுக் கூடுதலான தூரமே. அப்படியிருந்தும் இவ்விரண்டையும் இணைக்க ரயில் இல்லை. நாகர்கோவிலார் ஒருவர் தம் அரசரின் தலைநகரத்துக்கு ரயிலில்தான் போவேன் என்றால், சாலை வழியே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலி சென்று, வண்டியேறித் தென்காசி, செங்கோட்டை, கொல்லம் என்று மலையை ஒரு வலம் வந்து வடக்கேயிருந்து திருவனந்தபுரத்தில் இறங்க வேண்டும். மன்னராட்சி போயிற்று, திரு-கொச்சி இராஜ்யம் வந்தது, அதுவும் போயிற்று, எல்லை மாறியது. அதன் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை மாறவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1979 ஏப்ரலில். அதாவது, இரண்டு ஊர்களும் ஒரே அரசின் கீழ் இருந்த நாளெல்லாம் அவற்றை இணைக்காத இருப்புப் பாதை, அவை இரு வேறு மாநிலங்களுக்கு உரியனவாகிய பின்னரே இணைத்தது.

ரயில் இல்லாத குறையைப் பஸ் தீர்த்தது. 1938 பிப்ரவரி 20-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசாங்கம் தானே பஸ் போக்குவரத்தை நடத்தத் தொடங்கியது. லண்டன் நகரப் போக்குவரத்துக் கழகத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்னும் ஆங்கிலேயரை வரவழைத்துப் பொறுப்பில் அமர்த்தினார்கள். அறுபது வண்டிகளின் அடிச்சட்டம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. மேற்கூடு இங்கேயே கட்டப்பட்டது. தொடக்க நாளில் முதல் வண்டியில் ஏறி அமர்ந்தவர் மகாராஜா, ஓட்டியவர் சால்ட்டர். மகாராஜாவின் வண்டி சென்றது கவடியார் வரைதான். ஆனால் பொதுமக்களுக்கென முதன் முதல் விடப்பட்ட தடம் எது தெரியுமா? திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி. இந்தியாவிலேயே அரசு பஸ் நடத்தியது இங்கேதான் முதன் முதல் என்று சிலர் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று, ஹைதராபாத்தில் நிஜாம் அரசின் ரயில்வே 1932-லேயே பஸ் விட்டுவிட்டது. திருவிதாங்கூரின் பெருமைக்கு அந்த மிகைக் கூற்றுத் தேவையுமில்லை. பிற்காலத்தில் மத்திய பஸ் நிலையம் தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே அமைந்தது. இன்றும் அங்கே நின்றால் "நாகர்கோவில், நாகர்கோவில்" என்று கூவுவது காதில் விழும்.

பஸ் கட்டணம் என்றதும் காசு நினைவுக்கு வருகிறது. திருவிதாங்கூருக்கு அதன் சொந்த நாணயம் இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம், அதாவது இருபத்தெட்டுச் சக்கரம், ஒரு சர்க்கார் ரூபாய். ஆங்கிலேயரின் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். அரைச் சக்கர வித்தியாசந்தானே என்று எண்ணற்க. எல்லை தாண்டி வாணிகம் செய்வோர் அந்த அரைச் சக்கரத்திலேயே கண்ணாக இருந்திருப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழங்கிய வெள்ளிச் சக்கரம் ஒரு மிளகை நசுக்கி வைத்தாற்போன்ற சிறு நாணயம். நகக்கண்ணில் ஒட்டிக்கொள்ளும், தரையில் விழுந்தால் தேடக் கிடைக்காது. ஆயிரக்கணக்கான இத்தகைய காசுகளைக் கருவூலத்தில் விரலால் எண்ணுவது எங்ஙனம்? அதற்கு ஒரு பலகை செய்தார்கள். மரப்பலகையில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு சக்கரம் மட்டுமே கொள்ளும் அளவு. ஒரு பிடிக் காசை அதன்மேல் கொட்டி, மெல்ல அசைத்து, எஞ்சியதை ஒரு வீச்சில் வழித்துவிட்டால், குழிகளின் எண்ணிக்கையே காசின் எண்ணிக்கை. கணக்கன் தவறினாலும் பலகை தவறாது. நாகர்கோவில் வட்டாரத்துப் பழைய வீடுகளின் பரண்களில் இதைப் பார்த்தவர்கள், ஏதோ பல்லாங்குழியின் வகை என்று எண்ணி ஏமாந்ததுண்டு. பின்னாளில் சக்கரம் செம்பு நாணயமாகி அளவிலும் பெருத்தது. பலகைக்கு வேலை இல்லாமற் போயிற்று. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் நாணயமும் மறைந்தது.

தம்பானூரிலிருந்து புறப்படும் நாகர்கோவில் பஸ் நெய்யாற்றின்கரை, களியக்காவிளை, மார்த்தாண்டம் கடந்து தக்கலையைத் தாண்டியதும், புலியூர்க்குறிச்சியில் இடப்புறம் ஒரு கோட்டைச் சுவர் தெரியும். அது உதயகிரிக் கோட்டை. உள்ளே ஓர் இடிந்த தேவாலயம். அதனுள்ளே ஒரு கல்லறை. 1741-ஆம் ஆண்டு குளச்சலில் டச்சுக்காரரை மார்த்தாண்ட வர்மா வென்றபோது சிறைப்பட்ட டிலனாய் என்பவருடைய கல்லறை அது. சிறைப்பட்டவர் பின்னர் அதே மன்னருக்குப் படைபயிற்றி, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் பெற்று, 1777-இல் இங்கேயே இறந்தார். ஐரோப்பாவில் பிறந்து டச்சுக் கம்பெனிக்குப் போரிட்டுத் திருவிதாங்கூருக்குப் படைத்தலைவராக மாண்டவரின் கல்லறையில் எந்த மொழியில் எழுதியிருக்கிறார்கள்? இலத்தீனிலும் தமிழிலும். அன்றைய அரசின் தலைமைப் பதியில், அரசின் படைத்தலைவருக்கு, ஊர் மக்கள் படிக்கும் பொருட்டு வெட்டிய எழுத்து அது. எந்த மொழியை அங்கே உள்ளவர் படித்தனர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அந்தத் தலைமைப் பதிதான் பத்மநாபபுரம்; உதயகிரிக்கு மிக அருகில் உள்ளது. கார்த்திகைத் திருநாள் இராமவர்மாவின் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அரசிருக்கை அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. மர வேலைப்பாட்டுக்கு உலகப் புகழ் பெற்ற அந்த அரண்மனை இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்பொருள் துறை. நிலம் தமிழ்நாட்டினது, மாளிகையின் சாவி கேரளத்தினது. 1956-இல் வீடு பிரித்த போது பாகப்பத்திரத்தில் தனியாக எழுதிவைத்த ஓர் அறையைப் போல அது இருந்துவருகிறது.

வீடு பிரித்தது அமைதியாக நடந்ததா? இல்லை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை முதலிய தமிழ்த் தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைய வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணி அதன் தலைவராக விளங்கினார். 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல் துறையினர் சுட்டதில் உயிர்கள் பலியாயின. அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை. துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்று, தம் கட்சியின் சொந்த அமைச்சரவையே பதவி விலக வேண்டும் என்று அக்கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா கோரினார். இந்திய அரசியலில் இது அபூர்வமான நிகழ்ச்சி. அமைச்சரவை அதற்கு இணங்கவில்லை.

அந்த அமைச்சரவையின் நிதியமைச்சர் யார்? பி. எஸ். நடராஜ பிள்ளை. அவருடைய தந்தையார் யார்? மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை.

இந்த இடத்தில் சற்று நின்று செல்ல வேண்டும். சுந்தரம் பிள்ளை 1855-இல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். தம் ஆசிரியரும் அக்கல்லூரிப் பேராசிரியருமான ராபர்ட் ஹார்வியிடம் கொண்ட அன்பினால், நகருக்கு வெளியே பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த மனையிடத்துக்கு ஹார்விபுரம் என்று பெயரிட்டார். தம் நாடகத்தையும் அவருக்கே உரிமையாக்கினார். அந்த நாடகமே 1891-இல் வெளிவந்த 'மனோன்மணீயம்'. அதன் தொடக்கத்தில் உள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டு அரசு 1970-இல் அரசு விழாக்களுக்குரிய வாழ்த்தாக ஏற்றது. 2021-இல் மாநிலப் பாடல் என்று அறிவித்தது. ஆக, தமிழ்நாட்டின் மாநிலப் பாடலை எழுதியவர் இன்றைய கேரளத்தில் பிறந்து, இன்றைய கேரளத்தின் தலைநகரத்தில் வாழ்ந்து, 1897-இல் அங்கேயே மறைந்தவர். மலையாளம் முதலிய மொழிகள் தமிழிலிருந்து தோன்றின என்று கூறும் அடிகள் மூலத்தில் உண்டு. அரசு அவற்றை விலக்கியே வாழ்த்தை அமைத்தது. விலக்கியது முறையே என்பது என் கருத்து. ஒரு புலவர் தம் காலத்து ஆராய்ச்சியின் துணிவில் பாடலாம். ஓர் அரசு அண்டை வீட்டாரை வைத்துக்கொண்டு அதைப் பாடுவது வேறு.

ஆனால் இவை யாவற்றினும் பெரிய விந்தை நாடகத்தின் கதைக்குள்ளேயே இருக்கிறது. பாண்டியன் சீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டி வாழ்கிறான். சேரன் புருடோத்தமன் திருவனந்தபுரத்தில் ஆள்கிறான். அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியால் இருவருக்கும் போர் மூள்கிறது. போருக்குக் காரணமாகக் கிளப்பப்படுவது என்ன? நாஞ்சில் நாடு யாருக்குரியது என்னும் வழக்கு! திருநெல்வேலிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே நாஞ்சிலைக் குறித்து எழும் பூசலைச் சுந்தரம் பிள்ளை 1891-இல் நாடகமாக எழுதினார். அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், அதே நிலத்தைக் குறித்து உண்மையாகவே பூசல் எழுந்து உயிர்கள் மாண்டபோது, அவருடைய மகன் திருவனந்தபுரத்தில் அமைச்சராக அமர்ந்திருந்தார். நாடகத்திலே பாண்டியன் மகள் மனோன்மணி சேரனுக்கு மாலையிடுவதால் பகை தீர்கிறது. உலகத்திலே அது அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. 1956-இல் நான்கு தாலுக்காக்களும் செங்கோட்டைத் தாலுக்காவின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளம், பீர்மேடு முதலியவை கேரளத்திலேயே நின்றன.

நடராஜ பிள்ளையை இந்த ஒரு சம்பவத்தை வைத்து எடைபோட்டுவிடலாகாது. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டதற்காக, திவான் சி. பி. ராமசாமி ஐயரின் காலத்தில் அவருடைய ஹார்விபுரம் சொத்துப் பறிமுதல் செய்யப்பட்டது. அமைச்சரானபோது நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தார். 1962-இல் திருவனந்தபுரம் மக்கள் அவரை எந்தக் கட்சியையும் சாராத வேட்பாளராகவே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடியவரின் மகனை மலையாள வாக்காளர் தேர்ந்தெடுத்தனர்; அவர் சொத்தைப் பறித்த அரசின் திவான் தமிழர். இவற்றை 'தமிழர், மலையாளி' என்னும் இரண்டு பெட்டிகளுள் அடைக்க முயல்பவர் களைத்துப் போவார்.

நகரத்துக்குள் இன்னும் எத்தனையோ உண்டு. தலைமைச் செயலகத்தின் எதிரே உள்ள சந்திக்கு 'ஸ்டாச்சு' என்றே பெயர். அங்கே சிலையாக நிற்பவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவ ராவ். தம்பானூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள சாலைக் கடைத்தெருவை நிறுவிய திவான் ராஜா கேசவதாசர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பகுதியில் பிறந்தவர். சுவாதித் திருநாள் மகாராஜா தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்கு 1834-இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். ஒவ்வொன்றும் தனிப் பேச்சுக்குரியது. இங்கே பெயர் மட்டும் சொல்லிச் செல்கிறேன்.

ஒன்றை மட்டும் பெயரளவில் விட மனமில்லை. அது நூல்களில் மட்டும் காணும் செய்தியன்று; ஆண்டுதோறும் கண்ணால் காணக்கூடியது.

அரசிருக்கை திருவனந்தபுரத்துக்கு மாறியபின், நவராத்திரி பூசையும் அங்கே மாறியது. ஆனால் பூசைக்குரிய தெய்வங்கள் மாறவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை வளாகத்துச் சரசுவதி தேவி, வேளிமலைக் குமாரகோவில் முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று திருவுருவங்களும் நவராத்திரிக்கு முன்னர்ப் பத்மநாபபுரத்தில் ஒன்று கூடிப் புறப்படும். சரசுவதி யானைமீது வருவாள். அந்தத் திருவுருவம் கம்பர் வழிபட்டுப் பின்னர்ச் சேர மன்னரிடம் ஒப்படைத்தது என்பது நெடுநாளைய வழக்கு. புறப்படும் முன் அரண்மனையின் மேல்மாடத்தில் வைத்துக் காக்கப்படும் மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுப்பார்கள். அது ஊர்வலத்தின் முன்னே செல்லும். முதல் இரவு குழித்துறையில். இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையில். மூன்றாம் நாள் திருவனந்தபுரம். களியக்காவிளையில் எல்லை கடக்கும்போது வரவேற்பு நடக்கும். தமிழ்நாட்டுக் காவலரும் கேரளக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்வர்.

சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் எழுந்தருள்வாள். அங்கே ஒன்பது நாளும் சுவாதித் திருநாள் இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனங்களை வித்துவான்கள் பாடுவர். முருகன் ஆரியசாலைக் கோவிலில் தங்குவார். முன்னுதித்த நங்கை தங்குவது செந்திட்டைக் கோவிலில். செந்திட்டை எங்கே இருக்கிறது என்றால், தம்பானூர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம், நடந்தே போகும் தொலைவில். வேலைக்காகவோ வியாபாரத்துக்காகவோ நாகர்கோவில் வண்டியிலிருந்து அங்கே இறங்குகிற எவரும் அந்தப் பத்து நாட்களில் எட்டிப் பார்க்கலாம். தாணுமாலயன் கோவில் கொண்டுள்ள சுசீந்திரத்திலிருந்து, ரயில் வருவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே நடந்து வரத் தொடங்கிய அம்மை அங்கே இருப்பாள்.

விசயதசமி கழிந்து, ஒரு நாள் ஓய்வும் கழிந்தபின், மூன்று திருவுருவங்களும் வந்த வழியே நெய்யாற்றின்கரையிலும் குழித்துறையிலும் இரவு தங்கி, களியக்காவிளையைக் கடந்து பத்மநாபபுரம் திரும்பும். உடைவாள் மறுபடியும் மேல்மாடத்தில் தன் இடத்தை அடையும்.